அப்பா கொடுத்துவிட்ட பெயர்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றது. 2022 ஜூன் மாதம், இலங்கையில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. வீட்டில் கேஸ் தீர்ந்து நாளாகியிருந்தது. கட்டுகஸ்தோட்டை வீதியில் உள்ள பெற்றோல் ஷெட்டுக்கு எண்ணெய் ஏற்றிய பவுசர் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். ஆளுக்கொரு கேனுடன் கிளம்பினோம். எங்களுக்கு முன்பே கண்டியில் நாங்கள் இருக்கும் மஹய்யாவையில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். கேன்கள் வெயிலில் வரிசையாக நின்றன. கேனுக்கு உரியவர்கள் மதிலோரத்து நிழலில் குந்தியிருந்தார்கள்.

எங்களுக்குச் சற்று முன்னால் அங்கம்மா இருந்தார். மாநகர சபையில் வீதி கூட்டி ஓய்வு பெற்றவர். அப்பாவோடு ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர். அப்பா அவரைக் கண்டதும் குரல் கொடுத்தார்.

"அங்கம்மா, எப்ப வந்த? தேத்தண்ணி குடிச்சியா?"

அங்கம்மா திரும்பவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எண்ணெய் இல்லாம இருக்க நாங்க எல்லாரும் சம்மதம்னு எழுதியிருப்பாங்க, பாரு. அவங்க பேப்பர்ல வந்திருக்கும்."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் சேர்ந்துகொண்டது.

"சும்மா சம்மதம்னு போட்டா பத்தாதுக்கா. மனமுவந்து சம்மதம்னு போடணும்."

மறுபடியும் சிரிப்பு. அப்பா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கேனின் மூடியைக் கழற்றினார், மூடினார், மறுபடியும் கழற்றினார்.

"வாங்கப்பா, அந்தப் பக்கம் போய் நிப்போம்" என்றேன்.

"நம்ம எடம் இங்கதானே" என்றார்.

பவுசர் மாலையில் வந்தது. ஆளுக்குக் கொஞ்சம்தான் கொடுத்தார்கள். இரண்டு கேனிலும் கிடைத்ததை ஒன்றாக்கி, ஏற்றத்தில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தோம்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல, ஒரு பத்திரிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவின் பெயர் பழனியாண்டி. 1946இல் மஹய்யாவையின் கிணற்றடி லயத்தில் பிறந்தார். மாநகர சபைத் தொழிலாளர்களுக்கு வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள் அவை. தாத்தாவும் பாட்டியும் கண்டி வீதிகளைக் கூட்டியவர்கள். அப்பா சபையின் தண்ணீர்ப் பகுதியில் குழாய்க்குக் குழி வெட்டும் ஆளாகச் சேர்ந்தார். நாடற்றவராக இருந்தவருக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் வேலை நிரந்தரமானது. பிறகு மீட்டர் வாசிப்பவர் ஆனார். அம்மாவைக் கட்டிக்கொண்டு லயத்துக்கு மேலே, மேட்டில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனார். அம்மாவின் பெயர் நல்லம்மா. நான் அந்த வீட்டில்தான் பிறந்தேன்.

மீட்டர் வாசிப்பது என்றால் வீடு வீடாகப் போக வேண்டும். மூடியைத் திறக்க வேண்டும், சேற்றைத் துடைக்க வேண்டும், எண்ணைப் பார்த்து எழுத வேண்டும். மழை நாளில் சிலர் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, போன மாத எண்ணோடு எதையாவது கூட்டி எழுதுவார்கள். அப்பா அப்படி எழுதியதில்லை. நல்லவர் என்பதால் அல்ல. அவருக்கு வீடுகளுக்குப் போகப் பிடிக்கும். வாசலில் நின்று கதை கேட்கப் பிடிக்கும்.

அந்தக் கதைகளில் இருந்துதான் "சுற்றுவட்டம்" பிறந்தது. 1973இல் மஹய்யாவையில் ஒரு மதில் இடிந்து விழுந்து இரண்டு பெண்கள் காயப்பட்டார்கள். கொழும்புப் பத்திரிகைகளில் ஒரு வரிகூட வரவில்லை. அப்பா அதைத் தன் கூட்டாளி செல்லப்பாவிடம் சொல்லிப் பொருமினார். செல்லப்பா பாடசாலை ஆசிரியர், அப்பாவைவிட வயதில் இளையவர். "அப்ப நாமளே போடுவோம்ணே" என்றாராம். கெலிஓயாவில் ஸெய்னுலாப்தீன் என்பவர் கல்யாணக் கார்டும் கடைகளுக்கு பில் புத்தகமும் அடிக்கும் சின்ன அச்சகம் வைத்திருந்தார். அப்பா அவரிடம் போனார். நாலு பக்கம், வாரம் ஒரு முறை.

அதில் என்ன வந்தது? எந்த வீதியில் எப்போது தண்ணீர் வராது. எந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பாடசாலைக்கு மாறி வந்த ஆசிரியர் யார், மாறிப்போனவர் ஏன் போனார். தேர் எந்தத் தெருவால் வரும். கெலிஓயாப் பள்ளிவாசலில் கந்தூரி எப்போது. காணாமல் போன ஆடு. அதிகம் வந்தது மரண அறிவித்தல்.

"ஒங்க பேப்பர வச்சி அடுப்பு மூட்ட முடியாது. அம்புட்டு அழுகை, ஈரம் காயாது" என்பார் அம்மா.

"வாசிக்காம எப்பிடித் தெரியும் ஒனக்கு?" என்பார் அப்பா.

"எவன் எவன் செத்தான்னு பாக்க வேணாமா?"

பத்திரிகை கண்டி பஸ் நிலையத்தில் கண்டக்டர்களின் கையில் ஏறி ஊர் ஊராகப் போனது. நாவலப்பிட்டிக்கு ரயிலில் போனது. அங்கிருந்து தோட்டங்களுக்குப் போனது. பத்திரிகை போன வழியிலேயே செய்தியும் திரும்பி வந்தது, எழுத்தில் பாதி, வாய்வழியாகப் பாதி. அப்படித்தான் கறுப்பையா செத்துப்போனார்.

நாவலப்பிட்டி ரயில் கார்டு ஒருவர், "கறுப்பையா காலமாயிட்டாரு, போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்குத் தெரிந்த நாவலப்பிட்டிக் கறுப்பையா, சுருட்டுக்கடைக் கறுப்பையா. அவர் பெயரையும் கடையையும் போட்டு, எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர் என்றும் எழுதிவிட்டார். இறந்தவர் மேலே தோட்டத்தில் இருந்த வேறொரு கறுப்பையா.

தகவல் தெரிந்ததும் அப்பா அடுத்த ரயிலில் நாவலப்பிட்டிக்குப் போனார். சுருட்டுக்கடை வாசலில் கதிரை போட்டு கறுப்பையா உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில் நாலைந்து மாலைகள் கிடந்தன.

"வாங்க, வாங்க. பத்திரிகைக்காரரா? உக்காருங்க. வந்தவங்களுக்கெல்லாம் தேத்தண்ணி குடுத்து சீனி முடிஞ்சிருச்சி. பொணமே எழும்பிப் போய் சீனி வாங்க வேண்டியிருக்கு."

"மன்னிச்சிருங்கண்ணே. கார்டு சொன்னத நம்பிப் போட்டுட்டேன்."

"மன்னிக்கிறதுல ஒன்னுமில்ல தம்பி. என் மச்சான் ஒருத்தன், வருசக்கணக்கா என்கூடப் பேச்சு வார்த்தை இல்ல. நேத்து ஒப்பாரியோட வந்தான். நான் இருக்கேன்னு கண்டதும் கோவிச்சிக்கிட்டுத் திரும்பிப் போயிட்டான். அதுக்கு என்னா திருத்தம் போடுவீங்க?"

அடுத்த இதழில் திருத்தம் வந்தது. தவறு வந்த அதே பக்கம், அதே இடம், அதே அளவு எழுத்து. அப்பா அந்த இதழோடு மறுபடியும் நாவலப்பிட்டிக்குப் போய், கடை வாசலில் நின்று, தெருவுக்குக் கேட்கும்படி வாசித்தார். தவறைக் கேட்டவர்களின் காதில் சரியானதும் விழ வேண்டும் என்றார். அன்றிலிருந்து அது வழக்கமானது. யாரைப் பற்றித் தவறாக எழுதினார்களோ அவர் வாசலுக்கு அப்பாவே போவார், சத்தமாக வாசிப்பார். மஹய்யாவைப் பிள்ளைகள் அதைப் பார்க்க ஓடிவருவார்கள்.

இன்னொரு வழக்கமும் அப்போதுதான் வந்தது. "சுற்றுவட்ட"த்தில் செய்தி எழுதியவர் பெயரைப் போடுவதில்லை. செய்தியின் அடியில் "சுற்றுவட்டத்தான்" என்று மட்டும் வரும். யார் செய்தி கொண்டுவந்தாலும், அப்பா அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் அந்தப் பெயரைப் போடுவார். போய்ப் பார்க்க முடியாத செய்தி பெயரில்லாமல் வரும். வாசகர்களுக்கு இது தெரியும். பெயர் இருந்தால் பழனியாண்டி போய்ப் பார்த்திருக்கிறார். பெயர் இல்லையா, கேள்விப்பட்டது. கொழும்பிலிருந்து வந்த பெரிய பத்திரிகை ஒரு செய்தி சொன்னாலும், "நம்ம சுற்றுவட்டத்தான் போட்டிருக்கானா?" என்று கேட்பவர்கள் இருந்தார்கள்.

எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு சில மாதங்கள் பத்திரிகை வரவில்லை. கண்டியில் கடைகள் எரிந்தன. ஆட்கள் சிதறினார்கள். ஸெய்னுலாப்தீன் அச்செழுத்துப் பெட்டிகளைக் கல்யாணக் கார்டுகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தார். மறுபடியும் வந்த முதல் இதழில் செய்தி எதுவுமில்லை. யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது மட்டும் நாலு பக்கமும். இன்ன குடும்பம் பாடசாலை முகாமில். இன்னார் மகள் தோட்டத்தில் சித்தி வீட்டில். இன்னார் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அப்பா ஒவ்வொரு இடத்துக்கும், கப்பல் ஏறியவர்களின் உறவினர் வீடுகளுக்கும் போய்ப் பார்த்திருந்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் அந்தப் பெயர் இருந்தது. அந்த இதழைச் சட்டம் போட்டு மாட்டிய வீடுகள் இருந்தன. அங்கம்மா தன் தங்கை இருக்கும் இடத்தை அதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

பத்திரிகை ஒரே நாளில் நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. கண்டக்டர்கள் மாறினார்கள், புதியவர்கள் கட்டுகளை ஏற்ற மறுத்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போனார்கள். சாவு வீட்டுச் செய்தி கைத்தொலைபேசியில் முந்திக்கொண்டு போனது. விளம்பரம் தந்த கடைக்காரர்களின் பிள்ளைகள், "இதெல்லாம் யாரு வாசிக்கிறா அங்கிள்?" என்று கேட்டார்கள். நாலு பக்கம் இரண்டானது. வாரம் மாதமானது. 2004இல் நின்றது. அப்பா கடைசி இதழில் மன்னிப்பு மாதிரி எதுவும் எழுதவில்லை. தண்ணீர் வராத நேரங்களைப் போட்டிருந்தார். அதன் பிறகு சபையிலிருந்து ஓய்வு பெற்றார். அம்மா இறந்தார். நான் மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தேன். அப்பா என்னோடு இருந்தார்.

2021 கடைசியில் செல்லப்பா வீட்டுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது, ஆனால் பேச்சு அப்படியே இருந்தது. "சுற்றுவட்ட"த்தை மறுபடியும் தொடங்கப் போகிறேன் என்றார். மாதம் ஓர் அச்சு இதழ், நாள்தோறும் போனில். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களும் வாசிப்பார்கள். எல்லாம் தயார், பெயர் மட்டும் வேண்டும்.

அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

"எதுக்கு எங்கிட்ட கேக்குறீங்க, வாத்தியார்? நீங்களும் சேர்ந்து வளத்ததுதானே."

ஒரு சின்ன மண்டபத்தில் விழா வைத்தார்கள். ஸெய்னுலாப்தீன் காய்ச்சலில் படுத்திருந்ததால் வரவில்லை. அப்பா மேடையில் இரண்டு வரிதான் பேசினார். இரண்டாவது வரி இது: "இனிமே சுற்றுவட்டத்தான் நான் இல்ல, செல்லப்பா வாத்தியார்தான்." கைதட்டினார்கள். ஒருவர் அதைப் போனில் படம் பிடித்தார். அப்பா எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. கூட்டாளிக்கு நிபந்தனை வைப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது.

ஜனவரி இதழ் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. முதல் பக்கத்தில் கிணற்றடி லயத்தின் படம். அந்த நிலத்தில் ஒரு கம்பனி வாகனத் தரிப்பிடம் கட்டப் போவதாகப் பேச்சு இருந்தது. செய்தியின் தலைப்பு, "கிணற்றடி லயக் குடும்பங்கள் மனமுவந்து சம்மதம்". புதிய மாடிவீடுகள் தருவதாகச் சொன்னதும் எல்லாக் குடும்பங்களும் வெளியேற ஒப்புக்கொண்டன என்று எழுதியிருந்தது. "அவர்களை நேரில் சந்தித்தபோது" என்று ஓர் இடத்தில் வந்தது. அடியில் சுற்றுவட்டத்தான்.

அப்பா அதை நம்பினார். அந்தப் பெயரைக் கண்டு மற்றவர்கள் எப்படி நம்பினார்களோ அப்படியே அவரும் நம்பினார். சட்டையை மாற்றிக்கொண்டு லயத்துக்கு இறங்கினார். தான் பிறந்த வீடு போகிறதென்றால் ஒரு முறை பார்த்துவிட்டு வர நினைத்தார். நானும் கூடப் போனேன். அங்கம்மா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. இப்பத்தான் ஒங்களப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்."

"போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களாமே. எப்ப பேசினீங்க எல்லாரும்?"

"நாங்க எங்க பேசினோம்? நீங்க எழுதியிருந்ததக் காட்டித்தானே காலையில கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க."



"எழுதினதுக்கு முந்தி யாரும் சம்மதிக்கலியா?"

"யாரு வந்து கேட்டா சம்மதிக்க? கம்பனிக்காரவங்க பேப்பரக் காட்டினாங்க. மத்த எல்லாரும் சரின்னுட்டாங்க, நீங்க மட்டும்தான் பாக்கின்னு ஒவ்வொரு வீட்டுலயும் சொன்னாங்க. எல்லாரும் போனா நான் மட்டும் இங்க இருந்து என்னா செய்றது? அதுவும் நீங்களே எழுதியிருக்கீங்க."

"நான் எழுதல அங்கம்மா."

அதற்குள் பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அப்பா மண்டபம், மேடை, செல்லப்பா எல்லாவற்றையும் சொன்னார். அங்கம்மா எச்சிலைத் துப்பிவிட்டு எழுந்து நின்றார்.

"சரிண்ணே. நீங்க எழுதல. அப்ப ஒங்க பேர எவன் கையில குடுத்தீங்க?"

திரும்பி நடந்தோம். யாரும் வழியனுப்பவில்லை.

அன்று மாலையே செல்லப்பா வீட்டுக்குப் போனோம். அவர் கணினி முன்னால் இருந்தார்.

"வாங்கண்ணே. வாம்மா. எப்பிடி இருக்கு இதழ்?"

"வாத்தியார், லயத்துக்குப் போனீங்களா?"

"போன் பண்ணேன்ணே."

"லயத்துல யாருக்கு?"

"லயத்துக்கு இல்ல. கம்பனி மேனேஜருக்கு. அவருதான் எல்லாரும் சரின்னுட்டாங்கன்னு சொன்னாரு. இந்தக் காலத்துல எல்லா எடத்துக்கும் நடந்து போய்ப் பாக்க முடியுமாண்ணே?"

"நேர்ல சந்திச்சோம்னு எழுதியிருக்கு."

"அது ஒரு நடை. எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறாங்க."

"கடைசிப் பக்கம் யாருடைய விளம்பரம் சேர்?" என்று நான் கேட்டேன். முழுப் பக்கமும் அந்தக் கம்பனியுடையது. எனக்குத் தெரிந்தே கேட்டேன்.

செல்லப்பாவின் குரல் மாறியது.

"ஒரு வருசத்துக்கு எடுத்திருக்காங்க. அது இல்லன்னா இந்தப் பேப்பர் இல்ல. அண்ணே, உள்ளதச் சொல்லுங்க. பத்திரிகை உயிரோட இருக்கணுமா, சுத்தமா செத்துப்போகணுமா? நீங்க சுத்தமா சாக விட்டீங்க. நான் உசிரு குடுத்திருக்கேன்."

"திருத்தம் போடுங்க. அதே பக்கம், அதே அளவு. அப்புறம் நாம ரெண்டு பேரும் லயத்துக்குப் போவோம்."

"போடுறேன்ணே. அடுத்த இதழ்ல."

"இல்லாட்டி அந்தப் பேர திருப்பிக் குடுங்க."

செல்லப்பா சிரித்தார். கேலியாக இல்லை, அன்பாகத்தான் சிரித்தார். அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

"மேடையில குடுத்தத எப்பிடிண்ணே திருப்பி வாங்குவீங்க? வீடியோ கூட இருக்கு."

அடுத்த அச்சு இதழ் வரவில்லை. கடதாசி இல்லை, இருப்பதும் தொட முடியாத விலை என்றார் செல்லப்பா. அது உண்மைதான். நாட்டில் பரீட்சைத் தாளுக்கே கடதாசி இல்லாத காலம். போன் பக்கத்தில் மட்டும், மற்றச் செய்திகளுக்குக் கீழே ஒரு வரி வந்தது: "கிணற்றடி லயம் குறித்த செய்தியில் சிறு தகவல் பிழை நேர்ந்தமைக்கு வருந்துகிறோம்." என்ன பிழை என்று அதில் இல்லை. நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"சிறு" என்றார் அப்பா.

ஏப்ரலில், கையெழுத்துப் போட்ட வீடுகளின் கூரையைக் கழற்றினார்கள். வாகனத் தரிப்பிடம் தொடங்கவில்லை, மாடிவீடுகளும் தொடங்கவில்லை. நாடே நின்றிருந்தது. அங்கம்மா உறவுக்காரர் வீட்டின் பின்னறைக்குப் போனார். அப்பா இரண்டு தடவை அங்கே போனார். முதல் தடவை அங்கம்மா வீட்டில் இல்லை என்றார்கள். இரண்டாவது தடவை அங்கம்மாவே உள்ளிருந்து, "நான் இல்லன்னு சொல்லு" என்று சொன்னது வாசல்வரை கேட்டது.

அதன் பிறகுதான் மண்ணெண்ணெய் வரிசை.

கேனை இறக்கி வைத்ததும் அப்பா முகம் கழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்தார். நான் தேநீர் போட்டு முடிப்பதற்குள் எழுதிவிட்டார். என்னிடம் நீட்டினார்.

"கிணற்றடி லயத்து மக்கள் சம்மதிக்கவில்லை. அவர்களை யாரும் கேட்கவில்லை. சுற்றுவட்டத்தான் என்ற பெயரில் வந்த செய்தி போய்ப் பார்க்காமல் எழுதப்பட்டது. அந்தப் பெயரை யோசிக்காமல் கொடுத்தவன் நான். பழனியாண்டி, மஹய்யாவை."

முப்பது வருடம் பத்திரிகை நடத்தியவர், அச்சுக்காகத் தன் சொந்தப் பெயரை எழுதியது அதுதான் முதல் தடவை.

"டைப் பண்ணி எல்லாருக்கும் போன்ல அனுப்புறேன்பா. பத்து நிமிசத்துல போயிரும்."

"போன்ல வர்றது வந்த மாதிரியே போயிரும். அங்கம்மாகிட்ட போனே இல்ல. தாள்ல அடிச்சி, வீடு வீடாக் கொண்டு போய்க் குடுக்கணும். வாசல்ல நின்னு வாசிக்கணும்."

"அவங்க கதவத் தொறக்கலன்னா?"

"வெளிய நின்னு வாசிப்பேன். காது உள்ளதானே இருக்கு."

தேநீரைக் குடித்துக்கொண்டே மேலும் பேசினார். இது ஒரு தாளோடு நிற்க வேண்டியதில்லை. மாதம் ஒரு தாள் போடலாம். மஹய்யாவை மட்டும், நடந்து போகிற தூரம் மட்டும். கூரை கழற்றிய வீட்டுக்காரர்கள் இப்போது எங்கெங்கே இருக்கிறார்கள் என்று அடுத்த தாளில் போடலாம். விளம்பரம் வேண்டாம். தன் ஓய்வூதியத்தில் ஒரு தாள் அடிக்க முடியாதா?

"பேர் என்ன வைக்கிறீங்க?"

"பேரே வேணாம். பேரு இருந்தாத்தானே எடுத்துக்கிட்டுப் போவாங்க."

அந்த வருடத்தில் அவர் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

உடனே கெலிஓயாவுக்குத் தொலைபேசியில் பேசினார். கைத்தொலைபேசி அவருக்குப் பழக்கமில்லை. வீட்டுத் தொலைபேசியில், எண்ணை மனதிலிருந்தே அழுத்தினார். ஸெய்னுலாப்தீனுக்குக் காது மந்தம். இரண்டு பேரும் கத்தியதால் எனக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

"ஸெய்னு, ஒரு தாள் அடிக்கணும். மெசின் ஓடுமா?"

"மெசின் ஓடும். நான்தான் ஓட மாட்டேன். ஆரு செத்த?"

"யாரும் சாகல. திருத்தம்."

"இன்னுமா நீ திருத்திக்கிட்டு ஈக்கிற? திங்கக்கிழம வா. கடதாசி கொஞ்சம் பழசு ஈக்கி, ஒனக்குத்தான் வெச்சிருக்கேன் போல. பகல் சாப்பாடு இங்கதான், சொல்லிட்டேன்."

சனிக்கிழமை காலை அப்பா முகம் மழித்துக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் முச்சக்கர வண்டியில் பெற்றோல் இருந்தது. மருத்துவமனைக்கு நேரத்துக்குப் போய்விட்டோம். நான் பழுதுபார்க்கும் அதே வகை மானிட்டரைத்தான் அவருக்குப் பொருத்தினார்கள். அதில் பழுது எதுவும் இல்லை. அது காட்டியது சரிதான். மதியத்துக்கு முன் போய்விட்டார்.

ஞாயிறு மாலை மஹய்யாவை மயானத்துக்குத் தூக்கிக்கொண்டு நடந்தோம். கூட்டம் அதிகமில்லை. பஸ் ஓடவில்லை, அது ஒரு காரணம். கிணற்றடி லயத்துக்காரர்களில் ஒருவரும் வரவில்லை, அதற்கு பஸ் காரணமில்லை. அங்கம்மா இருக்கும் பின்னறை எங்கள் வீட்டிலிருந்து நடை தூரம்தான்.

செல்லப்பா வந்தார். மலர்வளையம் கொண்டுவந்தார். என் தலையைத் தொட்டு அழுதார். அந்த அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பிய பிறகு உறவுக்காரப் பெண் ஒருத்தி தன் போனைக் காட்டினாள். "சுற்றுவட்டம்" பக்கத்தில் அப்பாவின் படம், அந்த விழா மேடையில் எடுத்தது. கீழே நீண்ட அஞ்சலி. அதன் முடிவு இப்படி இருந்தது: "தாம் பிறந்த கிணற்றடி லயம் புதுவாழ்வு பெறுவதைக் காண ஆசைப்பட்டவர். இறுதி மூச்சுவரை நமது ஒவ்வொரு வரிக்கும் துணைநின்றவர். சில நாட்களுக்கு முன் நேரில் சந்தித்தபோதும் இதையே சொன்னார். சுற்றுவட்டத்தான்."

ஜனவரிக்குப் பிறகு அவர்கள் சந்தித்ததே இல்லை.

செல்லப்பாவை அழைத்தேன்.

"சேர், அத அழிங்க."

"ஏம்மா? அழகாத்தானே எழுதியிருக்கேன். எத்தன பேர் பகிர்ந்திருக்காங்க பாரு. அண்ணனுக்கு இப்பிடி ஒரு மரியாதை யாரு செய்வா?"

"அப்பா ஒங்களோட இல்ல. அவரு சாகும்போது ஒங்களோட இல்ல."

"நீ இப்ப துக்கத்துல இருக்க. அப்புறமா பேசுவோம்."

அது இன்னும் அங்கே இருக்கிறது. லயத்துக்காரர்களில் போன் உள்ளவர்கள் அதை வாசித்திருப்பார்கள். போன் இல்லாதவர்களுக்கு வாசித்துக் காட்டியிருப்பார்கள். அப்பா ஒரு திருத்தத்தோடு அவர்கள் வாசலுக்கு வரத் தயாரானார் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர்களும் அப்பாவைக் கைவிட்டார்கள். வருடக்கணக்காக வாசலில் கண்ட மனிதரை விட்டுவிட்டு, அடியில் அச்சான ஒரு பெயரை நம்பினார்கள். அவர்களைத் திட்டவும் என்னால் முடியவில்லை. அப்படி நம்பச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

கெலிஓயாவுக்கு நான் தகவல் சொல்லவில்லை. எண் எனக்குத் தெரியாது, எங்கும் எழுதியும் இல்லை. யாராவது சொல்லியிருப்பார்கள் என்று வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.

திங்கட்கிழமை பகல் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"நான் கெலிஓயாவால றமீஸா பேசுறேன், ஸெய்னுலாப்தீன்ட மகள். அங்கிள் வெளிக்கிட்டுட்டாரா? வாப்பா சுபஹுத் தொழுகைக்கே எழும்பி, மெசினுக்கு எண்ணெய் போட்டு, கடதாசியும் வெட்டி வெச்சிட்டு வாசலயே பாத்துக்கிட்டு ஈக்காரு. சோறும் ஆக்கிட்டோம். அவரு வராம தின்ன மாட்டேன்னு சொல்றாரு."

நான் வாயைத் திறந்தேன். அவளுக்குப் பின்னாலிருந்து கிழவர் கத்துவது கேட்டது.

"பஸ் இல்லாட்டி காரியமில்லன்னு சொல்லுங்க மகள். நாளைக்கி வரச் சொல்லுங்க. நாளைக்கும் இல்லாட்டி நாளண்டைக்கி. நான் எங்கயும் போகல்ல."